காம்பவுண்ட் வேர்டை எங்க வெட்டணும், எங்க அழுத்தணும்? பாட்ஹோல்ல இருந்து லைட்ஹவுஸ் வரைக்கும்

தண்டையார்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு எட்டாவது படிக்கிறா, இங்கிலீஷ்ல இப்போ காம்பவுண்ட் வேர்ட்ஸ் ஓடிட்டு இருக்கு, ரெண்டு வார்த்தைய ஒட்டி ஒரே வார்த்தை ஆக்குறது, நியூஸும் பேப்பரும் சேர்ந்து நியூஸ்பேப்பர் ஆகுற மாதிரி. அது வரைக்கும் எனக்கும் புரிஞ்சுது அவளுக்கும் புரிஞ்சுது. அதுக்கப்புறம் அதையே சிலபிளா பிரிச்சு எந்த சிலபிள்ல ஸ்ட்ரெஸ், அதான் அழுத்தம், வரும்னு குறிக்கச் சொல்றாங்க, அங்கதான் மாட்டிக்கிட்டோம். கடையில வாங்கின ஒரு கைடுல பாட்ஹோலை "போ-தோல்"னு பிரிச்சு வெச்சிருக்காங்க, ரோட்ல இருக்கற பள்ளம்னு அர்த்தம் வர்ற வார்த்தை எப்படிங்க போதோல் ஆகும்? சம்திங்குக்கு மூணு சிலபிள்னு போட்டிருக்கு. ட்யூஷன் மிஸ்ஸ கேட்டா அதுல ஓ, ஈ, ஐ மூணு வவல் இருக்குல்ல அதனால மூணுங்கறாங்க. நான் தமிழ் மீடியம்தான், ஆனா வாயால சொல்லிப் பாத்தா எனக்கு ரெண்டுதான் கேக்குது. தெரிஞ்சவங்க யாராச்சும் விளக்கமா சொல்லுங்க, திங்கக்கிழமை டெஸ்ட் இருக்கு.

கொருக்குப்பேட்டை_கார்த்தி

அக்கா உங்க காதுதான் கரெக்ட். சம்-திங், ரெண்டே ரெண்டு. மிஸ் சொன்னது எழுத்த எண்ணுற கணக்கு, சிலபிள்ங்கறது சத்தத்த எண்ணுற கணக்கு, ரெண்டும் வேற வேற. பாப்பாவ தாடைக்கு கீழ உள்ளங்கைய வெச்சுக்கிட்டு வார்த்தைய மெதுவா சொல்லச் சொல்லுங்க, தாடை எத்தன வாட்டி இறங்கி கையில இடிக்குதோ அத்தன சிலபிள். நான் வாய்ஸ் ப்ராசஸ்ல, அதாவது கால் சென்டர்ல போன்ல பேசற வேலைல, புதுசா சேர்ற பசங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கறவன், முத நாள் இததான் பண்ண வைப்பேன். மத்தத மின்ட் டீச்சர் வந்து சொல்லட்டும், அவங்க அளவுக்கு பொறுமையா எனக்கு சொல்ல வராது.

மின்ட்_டீச்சர்

வந்துட்டேன் கார்த்தி. அம்மா, அந்த போதோலைப் படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு, ஏன்னா பிள்ளைங்க கைடுல அச்சடிச்சிருந்தா அது சரின்னு நம்பிடுவாங்க, அப்புறம் அதை அழிக்கறது பெரிய வேலை.

காம்பவுண்ட் வேர்டுக்கு முதல்ல பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், எந்த இடத்துல ரெண்டு வார்த்தையையும் ஒட்டியிருக்காங்கன்னு கண்டுபிடிக்கணும். அந்த ஒட்டு மேலதான் முதல் வெட்டு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியா எடுத்து அசை பிரிக்கணும். இடமிருந்து வலமா எழுத்து எழுத்தா பாத்துக்கிட்டே போனா டியும் ஹெச்சும் பக்கத்துல பக்கத்துல வந்ததும் கண்ணு அதை "த"ன்னு படிச்சிடும், கைடு போட்டவங்க அங்கதான் விழுந்திருக்காங்க. பாட் ஒரு வார்த்தை, ஹோல் ஒரு வார்த்தை, டி அந்தப் பக்கம், ஹெச் இந்தப் பக்கம், அது ரெண்டும் சேரவே சேராது. பாட்-ஹோல். லைட்ஹவுஸும் அப்படித்தான், லைட்-ஹவுஸ். இதே மாதிரி பியும் ஹெச்சும் ஒட்டுல சந்திச்சா "ஃப" ஆகாது, லூப்-ஹோல், அப்-ஹில். ஆடு மேய்க்கிறவருக்கு ஷெப்பர்ட்னு சொல்றோமே அதுவும் பழைய காம்பவுண்ட்தான், ஷீப்பும் ஹெர்டும் சேர்ந்தது, அதனாலதான் அந்த ஸ்பெல்லிங்ல பிஹெச் வருது, ஆனா ஷெஃபர்ட்னு யாரும் சொல்றதில்ல.

அடுத்து சம்திங். இதுல நடுவுல ஒரு ஈ மாட்டிக்கிட்டு இருக்கு. சம் தனி வார்த்தையா இருக்கும்போது கடைசியில நிக்கற ஈ சத்தம் போடாது, சரியா? ஒட்டின பிறகும் அது சத்தம் போடாது, வார்த்தைக்கு நடுவுல வந்துட்டதால மட்டும் அதுக்கு புதுசா வாய் முளைக்காது. ஹோம்-வொர்க் ரெண்டு, லைஃப்-போட் ரெண்டு, டைம்-டே-பிள் மூணு. டேபிள்ல கடைசி ஈயும் சத்தம் போடல, ஆனா அங்க எல் சத்தமே ஒரு அசையா நிக்குது, அதனால டேபிள் ரெண்டு. எவ்ரிபடி இன்னொரு உதாரணம், எழுத்தப் பாத்து எண்ணினா அஞ்சு வரும், பேசும்போது எவ்-ரி-பா-டி, நாலுதான்.

ஸ்ட்ரெஸ் அப்புறம் எழுதறேன், பேப்பர் திருத்தற வேலை பாக்கி இருக்கு.

தண்டையார்பேட்டை_அம்மா

டீச்சர் ரொம்ப ரொம்ப நன்றி, பொண்ணும் பக்கத்துல உக்காந்து படிச்சா. ஒட்டுல வெட்டணும்ங்கறது டக்குனு புரிஞ்சிடுச்சு, லிஸ்ட்ல இருந்த பாதி வார்த்தைய அவளே பிரிச்சிட்டா. ஆனா ஒண்ணு, நோட்புக் அவ சொல்லும்போது தாடை நாலு வாட்டி இடிக்குது, நோட்-டு-புக்-கு. விடைல ரெண்டுன்னு இருக்கு. கப்போர்டும் மூணு வருது. ஏன்?

திருவொற்றியூர்_தமிழய்யா

இதுக்கு நான் பதில் சொல்லலாம்னு நெனைக்கிறேன், ஏன்னா இது இங்கிலீஷ் பிரச்சனை இல்ல, தமிழ்க் காது பண்ற வேலை. தமிழ்ல க், ச், ட், த், ப், ற் மாதிரி வல்லின மெய்யில ஒரு சொல் முடியாது. அதனால வெளிய இருந்து வர்ற சொல்லுக்கு நாம தானாவே கடைசியில ஒரு சின்ன உகரத்தை சேர்த்து உக்கார வெச்சிடறோம். புக் புக்கு ஆகுது, கேட் கேட்டு ஆகுது, போர்ட் போர்டு ஆகுது. நம்ம குற்றியலுகரம் பழக்கம் அது. நோட்டு புக்குன்னு வீட்ல சொல்றதுல தப்பே இல்ல, தமிழ்ல அதுதான் இயல்பான உருவம், ஆனா இங்கிலீஷ் சிலபிள் எண்ணும்போது அந்த உகரத்தை எண்ணக் கூடாது.

எனக்கும் டீச்சர்கிட்ட ஒரு கேள்வி இருக்கு. நீங்க அசைன்னு சொல்றீங்க, எங்க யாப்புலயும் அசைன்னு சொல்றோம். நேரசை நிரையசைன்னு பத்தாம் வகுப்புல பசங்களுக்கு நடத்தறேன், அதே பசங்க அடுத்த பீரியட்ல இங்கிலீஷ்ல சிலபிள் பிரிக்கிறாங்க. சுறாங்கற சொல்ல நான் ஒரே அசைன்னு சொல்லித் தர்றேன், குறிலும் நெடிலும் இணைஞ்ச நிரையசை. இங்கிலீஷ் கணக்குல அது ரெண்டு சிலபிள் ஆகுது. பசங்க குழம்பறாங்க, எந்த சார் சொல்றது சரின்னு கேக்கறாங்க.

மின்ட்_டீச்சர்

அய்யா, அருமையான கேள்வி. ரெண்டு பேரும் சரிதான், ரெண்டும் வேற வேற அளவு. சிலபிள்ங்கறது ஒரு உயிர்ச் சத்தத்தை சுத்தி நிக்கற துண்டு, டேபிள்ல வந்த எல் மாதிரி சிலதைத் தவிர ஒரு உயிர் ஒரு சிலபிள், அவ்ளோதான். உங்க அசை செய்யுளோட ஓசைக்காக வகுத்தது, அதுல குறில் ஒண்ணு தனியா நிக்காம அடுத்த எழுத்தோட இணைஞ்சு ஒரே அசையா போகலாம். அதனால வேல் ரெண்டு கணக்குலயும் ஒண்ணு, சுறா உங்ககிட்ட ஒண்ணு என்கிட்ட ரெண்டு. நான் கிளாஸ்ல இனிமே சிலபிள்னே சொல்லிடறேன், அசைய உங்களுக்கே விட்டுடறேன், பிள்ளைங்களுக்கு நல்லது.

அம்மா, கப்போர்டுக்கு வரேன். அது பழைய காம்பவுண்ட், கப்பும் போர்டும். ரொம்ப காலமா ஒட்டிக் கெடந்ததால ரெண்டாவது பாதி தேஞ்சு போச்சு, கப்ல இருக்கற பி சத்தம் போடறதில்ல, போர்ட் "பட்" மாதிரி சுருங்கிடுச்சு. கபட், ரெண்டே சிலபிள். பிரேக்ஃபாஸ்டும் அதே கதை, எழுத்துல பிரேக்கும் ஃபாஸ்டும் முழுசா இருக்கு, வாயில பிரெக்-ஃபஸ்ட். மேன்னு முடியறதும் நெறைய இடத்துல மேன்னு வராம "மன்"னு சுருங்கும், போஸ்ட்-மன், ஃபிஷ்-அ-மன். இந்த சுருங்கற பாதிதான் ஸ்ட்ரெஸ் இல்லாத பாதி. ஸ்ட்ரெஸ்னா சும்மா கத்தி சொல்றது இல்ல, அந்த சிலபிள் கொஞ்சம் நீளும், கொஞ்சம் சத்தமாகும், குரல் ஏறும், பக்கத்துல இருக்கற சிலபிள் மங்கிப் போகும். நாலும் சேர்ந்ததுதான் ஸ்ட்ரெஸ்.

வியாசை_கோலி

டீச்சர் வணக்கம், நான் வியாசர்பாடில சின்ன பசங்களுக்கு ஃபுட்பால் கத்துக் குடுத்துனுகிறேன். இத்த படிச்சிகினே வந்தேன், எனக்கு ஒரு டவுட்டு. டிவில கமெண்ட்ரி கேக்கறப்ப கார்னர் கிக்குன்னு சொல்றப்ப கார்னர் மேல ஏறி அடிக்கிறான், அதே ஆளு ஃப்ரீ கிக்குன்னு சொல்றப்ப கிக்கு மேல அடிக்கிறான். ரெண்டும் கிக்குதானே, இன்னா கணக்கு இது? கோல்கீப்பர்ல கோலு மேல, ஆனா மிட்ஃபீல்டர்ல ஃபீல்டு மேல. எங்க பசங்க எல்லாத்தயும் ஒரே மாறி சொல்லிகினு இருக்கானுங்க, நாளைக்கு வெளிய ஆடப் போனா சோக்கா பேசணும்ல.

மின்ட்_டீச்சர்

கோலி தம்பி, நீங்க கேட்டது இந்த விஷயத்தோட அடிமடியிலயே கை வைக்கற கேள்வி. இனிமே அழுத்தம் விழற சிலபிளுக்கு முன்னாடி மேல ஒரு சின்ன கோடு போடறேன், டிக்ஷ்னரில போடற மாதிரியே. கோடு எந்த சிலபிளுக்கு முன்னாடி இருக்கோ அந்த சிலபிள அழுத்தணும். அம்மா, பாப்பாகிட்ட இதை கட்டாயம் சொல்லுங்க, கோட்டுக்கு முன்னாடி இருக்கறதை அழுத்தற பிள்ளைங்க நெறைய.

ரெண்டு பெயர்ச்சொல் ஒட்டி ஒரே பொருளோட பேரா ஆச்சுன்னா அழுத்தம் பெரும்பாலும் முதல் பாதி மேல விழும். 'கோல்-கீ-பர், 'கார்-னர் கிக், 'கோல் கிக், 'ஃபுட்-பால். ஃப்ரீ கிக்ல ஃப்ரீங்கறது கிக்க பத்தி சொல்ற அட்ஜெக்டிவ், எப்படிப்பட்ட கிக், ஃப்ரீயான கிக், அதனால அங்க ஃப்ரீ 'கிக். இங்கிலீஷ்காரங்க காதுக்கு அழுத்தம் முன்னாடி விழுந்தா "இது ஒரு பொருளோட பேரு"ன்னு கேக்கும், பின்னாடி விழுந்தா "இது இப்படிப்பட்ட ஒண்ணு"ன்னு கேக்கும். 'பிளாக்-போர்ட் சொன்னா கிளாஸ்ல மாட்டியிருக்கறது, அது பச்சைக் கலர்ல இருந்தாலும் 'பிளாக்-போர்ட்தான். பிளாக் 'போர்ட்னு சொன்னா கறுப்பா இருக்கற ஏதோ ஒரு பலகை. 'கிரீன்-ஹவுஸ் செடி வளக்கற கண்ணாடிக் கூடாரம், கிரீன் 'ஹவுஸ் பச்சை பெயிண்ட் அடிச்ச வீடு.

மிட்ஃபீல்டர் மிட்-'ஃபீல்-டர்தான், நீங்க கேட்டது சரி. ஹாஃப் டைமும் ஹாஃப்-'டைம், ஆஃப்சைடும் ஆஃப்-'சைட். எல்லாம் ஒரே சட்டத்துக்குள்ள அடங்காது, ஆனா பெயர்ச்சொல்லோட பெயர்ச்சொல் ஒட்டினது நூத்துல பெரும்பங்கு முன்னாடிதான் விழும், அதை முதல்ல கைல பிடிச்சுக்கிட்டா மிச்சத்தை கேட்டுக் கேட்டு பழகிக்கலாம்.

காசிமேடு_மரைன்

எல்லாரும் நல்லா எழுதறீங்க, மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. நான் மெர்ச்சன்ட் நேவில இருந்தவன், கப்பல்ல பிலிப்பைன்ஸ்காரன், உக்ரைன்காரன், சைனாக்காரன் எல்லாரோடயும் இங்கிலீஷ்லதான் பேசியிருக்கேன். எவனும் எவன்கிட்டயும் நீ தப்பான சிலபிள்ல அழுத்தறன்னு சொன்னதில்ல, வேலை நடந்துச்சு. கடல்ல பேசறதுக்குன்னே ஐநாவோட கடல்சார் அமைப்பான ஐஎம்ஓ 2001ல ஸ்டாண்டர்ட் மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேஸஸ்னு ஒண்ணு ஏத்துக்கிச்சு, எல்லா நாட்டுக்காரனுக்கும் புரியற மாதிரி சின்னச் சின்ன வாக்கியம். அதுல ஆக்சென்ட் எங்கயும் கேக்கல. நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஏற்கனவே இங்கிலீஷ்னா பயப்படுதுங்க, வாயத் திறந்தா சிரிப்பாங்களோன்னு கூச்சம், இதுல எங்க அழுத்தணும் எங்க மங்கணும்னு வேற சேர்த்தா பேசவே மாட்டாங்க. நம்ம இங்கிலீஷ் நம்ம இங்கிலீஷாவே இருக்கட்டுமே, புரிஞ்சா போதாதா?

கொருக்குப்பேட்டை_கார்த்தி

அண்ணே நீங்க சொல்ற பயம் உண்மை, நான் தினம் அதை மூஞ்சிக்கு நேரா பாக்கறேன், வடசென்னைப் பசங்க அறிவுல யாருக்கும் குறைச்சல் இல்ல ஆனா இன்டர்வியூல வாயத் திறக்க தயங்குவாங்க. வெள்ளைக்காரன் மாதிரி பேசுன்னு நானும் யாருக்கும் சொல்றதில்ல, ஆர் உருட்ட சொல்றதில்ல. ஆனா ஸ்ட்ரெஸ் வேற விஷயம்ணே, அது ஆக்சென்ட் அலங்காரம் இல்ல, அர்த்தத்த தாங்கற விஷயம்.

போன்ல பாருங்க, சாதாரண டெலிபோன் லைன்ல சத்தம் 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் போகும். ஸ, ஃப மாதிரி சத்தத்தோட பலம் அதுக்கு மேலதான் நெறைய இருக்கு, அது லைன்லயே அறுந்துடும். அந்தப் பக்கம் இருக்கறவருக்கு மெய்யெழுத்து பாதி தெளிவா கேக்காது, அவர் எத வெச்சு வார்த்தைய பிடிக்கறார்னா எத்தன சிலபிள், எது நீளமா வந்துச்சுங்கற ஓட்டத்த வெச்சுதான். அந்த ஓட்டம் மாறிட்டா வேற வார்த்தைய தேடிட்டு இருப்பார். இன்னொண்ணு, லாகின், பேக்கப், செக்கப், செட்டப் இதெல்லாம் பெயர்ச்சொல்லா வந்தா முன்னாடி, 'லாக்-இன், 'பேக்-அப், 'செக்-அப். அதையே செய்னு சொல்ற வினையா சொன்னா பின்னாடி, லாக் 'இன், பேக் 'அப். கஸ்டமர் கிட்ட "உங்க பேக்கப்"னு சொல்றமா "பேக் அப் பண்ணுங்க"ன்னு சொல்றமாங்கறத அவர் இத வெச்சுதான் டக்குனு பிரிக்கறார். கப்பல்ல சின்ன வாக்கியம், எதிர்ல இருக்கறவருக்கும் அது மனப்பாடம், அதனால ஓடிச்சு. எங்க வேலைல எதிர்ல யாருன்னே தெரியாது.

மின்ட்_டீச்சர்

மரைன் தம்பி, நீங்க சொன்ன அந்த கடல் ஃப்ரேஸஸ்லயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கே. நம்பர சொல்லும்போது ஒவ்வொரு இலக்கமா பிரிச்சு சொல்லணும்னுதானே வெச்சிருக்காங்க, 150ன்னா ஒன் ஃபைவ் ஸீரோ. ஏன் அப்படி? ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ரேடியோல ஒண்ணு போலவே கேக்கும், ரெண்டையும் பிரிச்சுக் காட்டறதுல பெரிய பங்கு அழுத்தத்துக்குத்தான், ஃபிஃப்-'டீன், 'ஃபிஃப்-டி. எல்லா நாட்டுக்காரங்களும் அதை ஒரே மாதிரி அழுத்த மாட்டாங்க, அங்க தப்பு நடந்தா கப்பல் திசை மாறிடும், அதனால அழுத்தத்தை நம்பாம இலக்கத்தை உடைச்சாங்க. பிள்ளைங்களுக்கு எல்லா நேரமும் அப்படி உடைச்சுப் பேச முடியாதே.

பயத்தைப் பத்தி நீங்க சொன்னதுல எனக்கு முழு சம்மதம். கிளாஸ்ல நான் யாரையும் எழுப்பி தனியா சொல்ல வைக்கறதில்ல. ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்ட் குடுப்பேன், ரெண்டு கட்டை விரல்ல மாட்டிக்கிட்டு எல்லாரும் சேர்ந்து சொல்லணும், அழுத்தம் வர்ற சிலபிள்ல ரப்பரை இழுக்கணும், மத்த சிலபிள்ல விடணும். 'வா-ட்டர்-மெ-லன், முதல் சிலபிள்ல இழுத்து அடுத்த மூணுல விடறது. கை இழுக்கும்போது குரலும் தானா நீளும். கடைசி பெஞ்சுல வாயே திறக்காத பையன்கூட ரப்பர் இழுக்கறதுல இருந்து ஆரம்பிச்சு ரெண்டாவது வாரம் சத்தம் போட்டு சொல்லுவான், அதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

இங்கிலீஷ் டீச்சருங்கற வார்த்தையவே எடுத்துக்கோங்க. 'இங்-கிலீஷ் டீச்சர்னா இங்கிலீஷ் பாடம் நடத்தறவங்க, நான்தான். இங்கிலீஷ் 'டீ-ச்சர்னா இங்கிலாந்துல இருந்து வந்த டீச்சர், அவங்க கணக்கு கூட நடத்தலாம்.

காசிமேடு_மரைன்

நம்பர் விஷயம் நான் அந்தக் கோணத்துல யோசிச்சதில்ல டீச்சர். ரேடியோல ஃபிஃப்டீனா ஃபிஃப்டியான்னு திருப்பி கேட்ட நேரம் உண்டு. ஆனா என் கருத்து மாறல, ஸ்ட்ரெஸ்ஸுக்கு மார்க் குறைக்கறத விட்டுட்டு சொல்லிக் குடுக்கறதோட நிறுத்தினா நல்லது. நீங்க ரப்பர் பேண்ட்ல பண்றது மாதிரி எல்லாரும் பண்ணினா எனக்கு சண்டையே இல்ல. சரி, நம்ம இடத்துக்கு வாங்க, ஃபிஷிங் ஹார்பர், இது எங்க?

மின்ட்_டீச்சர்

'ஃபி-ஷிங் ஹார்பர். ஐஎன்ஜில முடியற வார்த்தை எதுக்குன்னு சொன்னா அழுத்தம் அது மேல. மீன்பிடிக்கறதுக்கான துறைமுகம், தூங்கறதுக்கான பை 'ஸ்லீ-ப்பிங் பேக், காத்திருக்கறதுக்கான ரூம் 'வெய்-ட்டிங் ரூம், நீந்தறதுக்கான குளம் 'ஸ்விம்-மிங் பூல். அதே ஐஎன்ஜி இப்ப நடந்துட்டு இருக்கறதை சொன்னா பின்னாடி போயிடும், ஸ்லீப்பிங் 'சைல்ட், தூங்கிட்டு இருக்கற குழந்தை. குழந்தை தூங்குது, பை தூங்கல. அந்தக் கேள்விய கேட்டுப் பாத்தா பிள்ளைங்களே பிரிச்சிடுவாங்க.

ராயபுரம்_ரயில்காரர்

தாமதமா வரேன், ட்யூட்டி. அப்பா காலத்துல இருந்து ரயில்வே குடும்பம் நாங்க. 1856 ஜூலை 1 அன்னிக்கு நம்ம ராயபுரத்துல இருந்துதான் தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் போச்சு. அதோட வந்து இறங்கின காம்பவுண்ட் வார்த்தைங்க இன்னிக்கும் வீட்டுப் பாட்டி வரைக்கும் பேசறாங்க, ரயில்வே ஸ்டேஷன், பாயிண்ட்ஸ்மேன், கேட்மேன், ஃபுட்போர்டு, குட்ஸ் ஷெட்டு. எல்லாமே டீச்சர் சொன்ன மாதிரி முதல் பாதி மேல அழுத்தம் விழற வார்த்தைங்கதான்னு இப்பதான் கவனிக்கறேன், 'ரயில்-வே ஸ்டேஷன், 'ஃபுட்-போர்ட்.

நான் கேக்க வந்தது ரோட்டுப் பேரு. மின்ட் ஸ்ட்ரீட், வால்டாக்ஸ் ரோட், பேசின் பிரிட்ஜ் இதுக்கெல்லாம் ஏதாவது முறை இருக்கா? எங்க ஊர் லெவல் கிராசிங்கும்.

மின்ட்_டீச்சர்

இருக்கு, கேட்டா ஆச்சரியப்படுவீங்க. ஸ்ட்ரீட்னு முடிஞ்சா மட்டும் அழுத்தம் முன்னாடி வார்த்தை மேல, 'மின்ட் ஸ்ட்ரீட். ரோட், பிரிட்ஜ், பார்க், அவென்யூன்னு முடிஞ்சா கடைசி வார்த்தை மேல, வால்டாக்ஸ் 'ரோட், பேசின் 'பிரிட்ஜ். பிராட்வே ஒரே வார்த்தையா ஒட்டிட்டதால 'பிராட்-வே. லெவல் 'கிரா-சிங் பின்னாடிதான் விழும், ஸீப்ரா 'கிரா-சிங்கும் அப்படியே. ஹைகோர்ட் பக்கத்துல போனீங்கன்னா இன்னொரு ஜோடி கிடைக்கும், ஹை 'கோர்ட் பின்னாடி, 'ஹை ஸ்கூல் முன்னாடி. ரெண்டுலயும் அதே ஹைதான். ஏன் இப்படின்னு கேட்டா பழக்கம்னுதான் பதில், அதை டிக்ஷ்னரி பாத்துதான் உறுதி பண்ணிக்கணும்.

பொருள் எதுல செஞ்சதுன்னு சொன்னாலும் பின்னாடி போகும். எம்.சி. ரோடுல வாங்கற காட்டன் 'சா-ரி, பிளாஸ்டிக் 'சேர். ஆனா எதுக்கான இடம்னு சொன்னா முன்னாடி, 'சா-ரி ஷாப், 'காட்-டன் மில். ஜூஸும் கேக்கும் மட்டும் இதுல சேராது, 'ஆ-ரஞ்ச் ஜூஸ்.

திருவொற்றியூர்_தமிழய்யா

டீச்சர், ஹைகோர்ட்னு சொன்னதும் நினைவு வந்துச்சு. அந்த வளாகத்துல 1844ல எரிய ஆரம்பிச்ச கல்தூண் லைட்ஹவுஸ் இன்னும் நிக்குது, அப்புறம் 1894ல ஹைகோர்ட் கட்டடத்து உச்சியிலயே விளக்கு வெச்சாங்க, 1977லதான் மெரினாவுக்குப் போச்சு. அந்த விளக்கைப் பாத்துக்கற ஆளை லைட்ஹவுஸ்கீப்பர்னு சொல்லுவாங்க. இது மூணு வார்த்தை ஒட்டினது, இதுல ஒட்டு எங்க, அழுத்தம் எங்க?

மின்ட்_டீச்சர்

அய்யா, நீங்க கேட்டது இங்கிலீஷ் ஃபொனடிக்ஸ் வகுப்புல எல்லாரும் விரும்பிச் சொல்ற உதாரணம். மூணு துண்டு இருந்தா எந்த ரெண்டு முதல்ல ஒட்டிச்சுன்னு பாக்கணும். லைட்டும் ஹவுஸும் முதல்ல ஒட்டி லைட்ஹவுஸ் ஆகி அதோட கீப்பர் சேர்ந்தா 'லைட்-ஹவுஸ் கீ-பர், நாலு சிலபிள், அழுத்தம் லைட் மேல, கலங்கரை விளக்கத்துக் காவலர். ஹவுஸும் கீப்பரும் முதல்ல ஒட்டி ஹவுஸ்கீப்பர் ஆகி அதுக்கு முன்னாடி லைட்டுங்கற அட்ஜெக்டிவ் நின்னா லைட் 'ஹவுஸ்-கீ-பர், அதே நாலு சிலபிள், அழுத்தம் ஹவுஸ் மேல, எடை குறைஞ்ச வீட்டுப் பணியாளர். எழுத்து ஒண்ணு, சிலபிள் கணக்கு ஒண்ணு, அழுத்தம் இடம் மாறினதும் ஆளே மாறிட்டார். மரைன் தம்பி, அழுத்தத்தை விட்டுடலாம்னு சொல்ல எனக்கு மனசு வராததுக்கு இதுதான் காரணம்.

வியாசை_கோலி

செம்ம டீச்சர். பசங்களுக்கு இன்னிக்கே கிரவுண்டுல 'கார்னர் கிக், ஃப்ரீ 'கிக் சொல்லிக் குடுத்துட்டேன், அழுத்தம் வர்ற எடத்துல பந்த உதைக்கணும்னு சொன்னேன், ரப்பர் பேண்டு இல்லாததால. நல்லா பிடிச்சிகினானுங்க.

கொருக்குப்பேட்டை_கார்த்தி

கோலி, அத நான் ட்ரெயினிங்ல எடுத்துக்கறேன். அக்கா, டெஸ்டுக்கு ஒரு விஷயம், டிக்ஷ்னரில தலைப்பு வார்த்தைக்கு நடுவுல புள்ளி வெச்சிருப்பாங்க, அது சில டிக்ஷ்னரில அச்சுல வரி முடியும்போது எங்க உடைக்கலாம்னு காட்டறதுக்காக, சிலபிளுக்காக இல்ல. அபவுட்ங்கற வார்த்தைக்கு மெரியம் வெப்ஸ்டர்ல புள்ளியே இருக்காது, ஏன்னா ஒத்த எழுத்த வரிக் கடைசியில விட மாட்டாங்க, ஆனா அது ரெண்டு சிலபிள். பக்கத்துல உச்சரிப்பு குடுத்திருப்பாங்க பாருங்க, அதை நம்புங்க.

தண்டையார்பேட்டை_அம்மா

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல, இந்த பக்கத்த அப்படியே பிரிண்ட் எடுத்துட்டேன். கடைசியா லிஸ்ட்ல மீதி இருக்கறது அஞ்சு, அண்டர்ஸ்டாண்ட், ஆஃப்டர்நூன், கிராண்ட்மதர், செகண்ட்ஹேண்ட், ஐஸ்க்ரீம். பொண்ணு எல்லாத்துக்கும் முதல் பாதி மேல கோடு போட்டிருக்கா. சரியா?

மின்ட்_டீச்சர்

கிராண்ட்மதர் சரி, 'கிராண்ட்-ம-தர். மத்ததை மாத்தச் சொல்லுங்க. அண்டர்ஸ்டாண்ட் வினைச்சொல், அண்டர் ஓவர்னு ஆரம்பிக்கற வினைக்கு அழுத்தம் பின்னாடி, அண்-டர்-'ஸ்டாண்ட். ஓவர்ஃப்ளோவும் வினையா வந்தா ஓ-வர்-'ஃப்ளோ, பெயரா வந்தா 'ஓ-வர்-ஃப்ளோ. ஆஃப்-டர்-'நூன் தனியா பின்னாடி, ஆனா அடுத்து ஒரு பெயர் வந்தா முன்னாடி நகர்ந்துடும், 'ஆஃப்டர்நூன் ஷோ. செகண்ட்ஹேண்டும் அதே, புக் செகண்ட்-'ஹேண்ட், ஆனா 'செகண்ட்-ஹேண்ட் புக். ரெண்டு அழுத்தம் பக்கத்துல பக்கத்துல வந்தா இடிக்கும்னு முன்னாடி தள்ளிடுவாங்க. ஐஸ்க்ரீம் பிரிட்டிஷ்ல ஐஸ்-'க்ரீம், அமெரிக்கால 'ஐஸ்-க்ரீம், வீக்கெண்டும் அப்படியே. ஸ்கூல்ல பிரிட்டிஷ் முறைதான் பாப்பாங்க, அதையே எழுதச் சொல்லுங்க. இதுல ஏதாவதுக்கு மார்க் குறைச்சா பேப்பர போட்டோ எடுத்து இங்க போடுங்க, நான் பாக்கறேன்.